முதுகில் அடிக்கும் காற்று

குருவிகுளத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன பாத்தியதை என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் விரிந்து கிடக்கிற பூமி எங்களுடையது. ஒரு காலத்தில் சின்ன ஜமீன். இப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2019-ல் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிரித்து எங்களைத் தென்காசியோடு சேர்த்துவிட்டார்கள். எந்த ஜில்லாவில் இருந்தாலும் கடல் எங்களுக்கு எழுபது கிலோமீட்டருக்கு அப்பால்தான். மீன் என்று நாங்கள் அறிந்தது பெரும்பாலும் கருவாடு. நீச்சல் என்பது கிணற்றில் குதித்துப் படித்தது.

ஆனால் காற்று இருக்கிறதே! அந்த விஷயத்தில் எங்களை யாரும் ஏழை என்று சொல்லிவிட முடியாது. மேற்கு மலைத்தொடரில் செங்கோட்டைப் பக்கம் ஓர் இடுக்கு இருக்கிறது. ஆரியங்காவு வழியாக ரயிலும் ரஸ்தாவும் கேரளத்துக்குப் போகிற வழி அது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மலையாளக் கரைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியைக் குற்றாலத்தில் சாரலாக உதறிவிட்டு, வெறுங்கையோடு அந்த இடுக்கு வழியாக எங்கள் பக்கம் இறங்கி வரும். வெறுங்கையோடு வருகிற விருந்தாளிக்குத்தான் சத்தம் அதிகம். ஆனி பிறந்ததும் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் ஓயாது. மேகாத்து என்று சொல்லுவோம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு சமயத்தில் குடியானவர்கள் பருத்தியையும் வத்தலையும் சூறை விடுவார்கள். அந்தப் பருத்தி தரையில் விழுவதற்குள் பாதித் தெருவைக் கடந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை எங்கள் ஊரில் யாரும் உயர்வு நவிற்சி என்று சொல்லமாட்டார்கள். சற்றே குறைத்துச் சொன்னது என்பார்கள்.

இந்தக் காற்றை மின்சாரமாக்கலாம் என்று சர்க்காருக்குத் தோன்றியது 1980-களில். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுத்தினார்கள். தேசத்திலேயே முதன்முதலாக அமைந்தவற்றில் அதுவும் ஒன்று. பிறகு கயத்தாறு, முப்பந்தல், எங்கள் கண்ணுக்கெட்டிய கரிசல் எல்லாம் வெள்ளைக் கம்பங்கள் முளைத்தன. கம்பங்களின் முகம் எல்லாம் மேற்கே பார்த்திருக்கும். அவற்றைத் தாண்டி அந்தக் காற்று கிழக்கே எங்கே போகிறது என்று சிறு பிராயத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அது போகிற இடத்துக்கு நானும் ஒரு தடவை போய்விட்டு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். நாலைந்து சிநேகிதர்களாகச் சேர்ந்து தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரைக்குப் போனோம். ஆடி மாசம். காலை பத்து மணி இருக்கும். பஞ்சர் கடை ஒன்றில் பழைய லாரி டியூப் ஒன்றை வாடகை பேசி, காற்றடித்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தோம். கடலைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கண்மாய் தோற்றது. அலை என்று ஒன்று இல்லவே இல்லை. கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. முதுகில் மட்டும் காற்று ஜிலுஜிலு என்று அடித்தது. 'கடலா இது, தாமிரவருணிப் படித்துறை' என்று ஒருவன் சொன்னான். நான் டியூபில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன்.

ஐந்து நிமிஷம் இருக்குமோ, பத்து நிமிஷம் இருக்குமோ, தெரியாது. கண்ணைத் திறந்தபோது சிநேகிதர்கள் கரையில் குச்சி குச்சியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் உற்சாகமாகக் கையை ஆட்டினேன். அப்புறந்தான் அவர்கள் ஆட்டின விதம் வேறு மாதிரி இருக்கிறதே என்று பட்டது. டியூபைத் திருப்பிக் கையால் துழாவினேன். துழாவத் துழாவ கரை தூரத்தில்தான் போயிற்று. டியூபை விட்டுவிட்டு நீந்தலாம் என்று குதித்தேன். கிணற்று நீச்சல்! இருபது கை போட்டதும் மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தால் டியூப் அதற்குள் அரைப் பர்லாங்கு தள்ளி, சொந்தமாக ஒரு பிரயாணம் தொடங்கிவிட்டது. அங்கே தண்ணீரும் கண்ணாடி போல இல்லை. கரையிலிருந்து பார்த்தபோது தெரியாத அலைகள் எல்லாம் என் முதுகுப் பக்கமிருந்து வந்து தலைக்கு மேல் ஏறின.

வலையெடுத்துவிட்டு வந்த ஒரு வள்ளம் என்னை அள்ளிப் போட்டுக்கொண்டது. அதில் பெரியவர் ஒருவர் இருந்தார். முதலில் ஒன்றும் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கரை நெருங்கின பிறகுதான் கேட்டார்: "எந்த ஊரு தம்பி?"

"குருவிகுளம், அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கம்."

"அதான பாத்தேன். மேக்கத்திப் பிள்ளைகதான் இப்படி வந்து மாட்டும். கடல் படுத்திருக்குன்னு எறங்கிட்டியளாக்கும்? கச்சான் காத்துல கரையோரம் படுத்துத்தான் கெடக்கும். அங்க காத்துக்கு ஓட எடமில்ல, அலை எழும்பாது. ரெண்டு மைலு வெளிய போய்ப் பாரு, தெரியும். இன்னா பாரு தம்பி, கடலப் பாத்து நின்னா காத்து நெஞ்சில அடிக்கணும். முதுகுல அடிச்சா ஒக்காந்து பாத்துட்டு வீட்டுக்குப் போயிரணும்."

எங்கள் மேகாத்துக்குக் கடற்கரையில் கச்சான் என்று பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று அன்று வள்ளத்தில் நடுங்கிக்கொண்டே தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் பருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிற அதே காற்று, அங்கே ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஈழத்து நண்பர் ஒருவரிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர்கள் பக்கத்தில் கச்சான் என்றால் நிலக்கடலை. கடலை விற்கிறவளைக் கச்சான் ஆச்சி என்பார்களாம். ஆனால் மட்டக்களப்புக் காரர்களுக்குக் கச்சான் காற்றும் நன்றாகத் தெரியும். அவர்கள் கடலும் கிழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அங்கேயும் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் ஓடுகிறது.

அன்று முதல் இந்த முதுகுக் காற்றின் சரித்திரம் என் மனசில் ஒரு மூலையில் இருந்துகொண்டே வந்திருக்கிறது. தேடப் போனால் நமது பழைய இலக்கியத்திலேயே அதற்கு ஒரு நுனி கிடைக்கிறது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் குறிப்பிடுகிறார். காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கடலில் கலம் செலுத்தினவனாம் அவன். ராஜாவைப் பாடுகிற கவி அப்படிச் சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் காற்றோடு தினசரி கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஜனங்கள் அதை ஆண்டதாக எண்ணிக்கொள்ளவில்லை. அதன் போக்குவரத்து நேரத்தைத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இதற்கு மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

முத்துக்குளிப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது முத்தும், மூச்சடக்கி முங்குகிறவர்களும், பாண்டியன் பெருமையும். பிரெஞ்சுக்காரரான பிஸே 1863-ல் இதை வைத்து ஓர் ஓபராவே செய்துவிட்டார். அதில் காற்றைப் பற்றி அக்கறை இருந்திருக்க நியாயமில்லை. இலங்கையில் இருந்த ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் 1807-ல் வெளியிட்ட புத்தகத்தில் அரிப்புக் கரையில் நடந்த குளிப்பை விவரித்திருக்கிறார். அதைப் படிக்கிறபோதுதான் எனக்கு அந்த வள்ளத்துப் பெரியவர் ஞாபகம் வந்தது.

இரவு பத்து மணி சுமாருக்குத் துப்பாக்கி வெடிக்கும். நூற்றுக்கணக்கான படகுகள் பாய் விரிக்கும். ஒவ்வொன்றிலும் இருபது பேருக்கு மேல்: தண்டல், குளியாளிகள், அவர்களின் கயிற்றைப் பிடிக்கிறவர்கள். அந்த நேரத்தில் அவர்களைக் கடலுக்குள் கொண்டுபோவது கரைக்காற்று. பகலெல்லாம் காய்ந்த தரை ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஆகவே ராத்திரியில் தரைமேல் இருக்கிற காற்று கடலை நோக்கி மெல்ல நகரும். அதன் முதுகில் சவாரி செய்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கிற முத்துப் பார்களுக்கு விடியுமுன்னே போய்ச் சேர்வார்கள். வெயில் ஏறினதும் குளிப்பு ஆரம்பம். நடுப்பகல் ஆகும்போது கணக்கு நேர்மாறாகும். தரை சுட்டு, கடற்காற்று எழும்பும். மறுபடியும் ஒரு வெடிச் சத்தம். படகுகள் எல்லாம் அந்தக் கடற்காற்றில் பாய் விரித்துக் கரைக்கு ஓடிவரும். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. ரயிலுக்கு ரிட்டர்ன் டிக்கெட் வாங்குகிறோமே, அந்த மாதிரி.

முக்கியமான விஷயம், அது எந்த மாதத்தில் நடந்தது என்பது. பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். வாடை அடங்கிவிட்ட காலம். கச்சான் இன்னும் கிளம்பாத காலம். இரண்டு பெரிய காற்றுகளுக்கும் நடுவில் கடல் ஓய்ந்திருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் சின்னக் காற்றுகள், அதாவது ராத்திரிக் கரைக்காற்றும் பகல் கடற்காற்றும், தங்கள் முறையைத் தவறாமல் செய்யும். ஆடியில் யாரும் முத்துக்குளிக்கப் போனதில்லை. ஆடியிலும் தரைக்காற்று உண்டு, பலமாகவே உண்டு. ஆனால் அது விடிந்ததும் ஓய்கிற காற்று இல்லை. மத்தியானக் கடற்காற்று எழும்பிப் பார்க்கும். பல நாட்களில் கச்சானோடு மல்லுக்கட்ட முடியாமல் படுத்துவிடும். போவதற்கு டிக்கெட் இலவசம். திரும்பி வருவதற்கு மட்டும் கௌண்டர் மூடியிருக்கும்.

குளிப்பு நடக்கிற இடத்தில் கடல்கட்டிகள் என்று சிலர் உண்டு. சுறாக்களின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரர்கள். அவர்கள் கரையில் உட்கார்ந்து ஜபித்தால்தான் குளியாளிகள் கடலில் இறங்குவார்கள். அதனால் கும்பினி உத்தியோகஸ்தர்கள் நம்பாமல் சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் படி அளந்தார்கள். சுறாவைக் கட்டுவதற்கு ஆள் இருந்தது. காற்றைக் கட்டுவதற்கு மாசத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு மந்திரம் இருந்ததாகத் தெரியவில்லை.

1905-ல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புக்கு 300-க்கு மேற்பட்ட படகுகள் வந்தன. வெறும் மணலில் ஒரு பட்டணமே முளைத்தது. அடுத்த வருஷம் அங்கே வேலை பார்த்த இளம் சிவில் உத்தியோகஸ்தர்களில் ஒருவர் லெனார்ட் உல்ஃப். நாவல் படிக்கிற நமக்கு அவரைப் பின்னாளில் வர்ஜீனியா உல்ஃபின் கணவராகத்தான் தெரியும். சொந்தத்திலும் அவர் நல்ல எழுத்தாளர். இலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றை வைத்து 1913-ல் ஒரு நாவல் எழுதினார். ஒன்றிரண்டு வருஷத்தில் பார்களில் சிப்பி அற்றுப் போயிற்று. நமது கரையில், தூத்துக்குடியில், 1955 முதல் 1961 வரை கடைசியாக ஒரு வரிசை நல்ல குளிப்புகள் நடந்தன. அதோடு அந்த ரிட்டர்ன் டிக்கெட்டும் சரித்திரமாயிற்று.

முத்தைப் பற்றி ஆராய வந்து படகுகளில் மனசைப் பறிகொடுத்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்று பெயர். சென்னை மாகாண மீன்துறையில் பல வருஷம் வேலை பார்த்து அதன் டைரக்டராக இருந்தவர். இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920-ல் அவர் எழுதியது இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பார்க்கிற நூல். பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகளில் அவர் ஒரு விசேஷத்தைக் கண்டார். படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகை, காற்று வருகிற பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பலத்துப் படகு சாய ஆரம்பித்தால் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி வெளியே போய்க் கடலுக்கு மேலே உட்கார்ந்துகொள்வார்கள். காற்று ஏற ஏற மனுஷன் வெளியே நகருவான்; காற்று தணிந்தால் உள்ளே வருவான். பாயின் பலத்துக்கு எதிர்ப் பலம் அவனுடைய சொந்த உடம்பு.

மேல்நாட்டார் கண்டுபிடித்த பாய்ப்பலகை விளையாட்டைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாக் நீரிணைப் பலகைதான் தோன்றும். அங்கே படகே கிடையாது. ஒரு பலகை, அதன்மேல் எப்பக்கமும் சாய்கிற மூட்டில் ஒரு பாய்மரம், அதைக் கையால் பிடித்துக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நிற்கிற ஒரு மனுஷன். சுக்கானும் இல்லை. இதை முதலில் செய்தது யார் என்பதில் பெரிய வழக்கு. இங்கிலாந்தில் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் 1958-ல் வீட்டுச் சாமான்களைக் கொண்டு ஒன்று செய்து ஓட்டினான். அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964-ல் ஒன்று செய்தார். காலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்ஸரும் 1968-ல் காப்புரிமைக்கு மனுப்போட்டார்கள். 1985-ல் ஆங்கிலேய நீதிமன்றம் அந்தப் பையனின் பலகையைச் சாட்சியாக ஏற்று, அந்த நாட்டில் காலிபோர்னியாக்காரர்களின் உரிமை செல்லாது என்றது. பெரிய மனிதர்களின் காகிதத்தை ஒரு பையனின் விளையாட்டுச் சாமான் கிழித்துப் போட்டது எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது. இதற்குள் 1984-லேயே அது ஒலிம்பிக்ஸில் ஏறிவிட்டது.

அடுத்தது பட்டம். இதில் நம்மவர்கள் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்ல. யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டப்போட்டி நடக்கிறது; ஆளைவிடப் பெரிய பட்டங்கள். அந்தக் கரை வடக்கே பார்த்தது, தை மாசக் காற்று வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே பட்டம் கடலிலிருந்து ஊரைப் பார்த்துப் பறக்கும். கயிறு அறுந்தால் யார் வீட்டுப் பனைமரத்திலாவது தேடி எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் பருத்தித்துறையில் 2021 டிசம்பரில் நடந்த ஒரு காரியம் உலகம் முழுவதும் படமாகப் பரவிற்று. பெரிய பட்டம் ஒன்றைச் சில வாலிபர்கள் வடக்கயிற்றில் பிடித்திருந்தார்கள். காற்று ஓங்கினதும் மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள். ஒருவர் விடவில்லை. விடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தரை கீழே போய்விட்டது. ஆகாசத்தில் தொங்கிக்கொண்டிருந்து, பட்டம் சற்றே தாழ்ந்தபோது விழுந்து, நல்ல காலம், உயிர் பிழைத்தார்.

இந்த ஆசை சீமையிலும் பழையதுதான். பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் போகாக் 1826-ல் பட்டம் இழுக்கிற வண்டிக்கு உரிமை வாங்கினார். அதற்கு முன்பே தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டத்தால் உயரே தூக்கிப் பார்த்தவர். அந்தப் பெண் பத்திரமாக இறங்கி, கல்யாணம் செய்துகொண்டு, கிரிக்கெட் உலகம் தெய்வமாகக் கொண்டாடிய டபிள்யூ.ஜி. கிரேஸைப் பெற்றாள். வாத்தியாரின் முடிச்சு அன்று நழுவியிருந்தால் கிரிக்கெட் சரித்திரமே வேறு மாதிரி இருந்திருக்கும். 1903-ல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். கடைசியில் 1984-ல் பிரான்ஸ் தேசத்து லெகென்யூ சகோதரர்கள் இருவர், காற்றடைத்த விலா எலும்புகளோடு ஒரு பட்டத்தைச் செய்து உரிமை கோரினார்கள். தண்ணீரில் விழுந்தால் மூழ்காது. விழுந்த இடத்திலிருந்தே திரும்ப எழுப்பலாம். காலடியில் பலகை, இடுப்பில் வார், மேலே பட்டம். இன்று உலகமெங்கும் ஓடுவது அந்த வம்சந்தான். 2024 ஒலிம்பிக்ஸில், மார்ஸேய் கடலில், இதற்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

இப்போது முதுகுக் காற்றுக்குத் திரும்பி வருவோம். பாய்ப்பலகைக்காரனுக்கு ஓர் அனுகூலம் உண்டு: கையை விட்டால் பாய் படுத்துவிடும். கரையை நோக்கிக் காற்றடிக்கும்போது இது முழு அனுகூலம். பாய் படுத்தாலும், மரம் ஒடிந்தாலும், கை சோர்ந்தாலும், காற்றே அவனைத் தள்ளிக் கரையில் சேர்த்துவிடும். சற்று அவமானம், நடந்துவர ஒரு மைல். கடலை நோக்கிக் காற்றடிக்கிற அன்று நிலைமை வேறு. போகும்போது சுகம், திரும்பும்போது காற்றுக்கு எதிரே கோணல் மாணலாக வலமும் இடமும் வெட்டி வெட்டித்தான் வரவேண்டும். எந்தப் பாயும் நேர் எதிர்க்காற்றில் ஓடாது. அதற்குப் பாய், மரம், கயிறு, காற்று, கை ஐந்தும் கடைசி வரை ஒத்துழைக்க வேண்டும். ஒன்று பழுதானால் போதும், கடல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கொடுமை என்னவென்றால், எல்லாம் ஒத்துழைத்தாலும் கடைசி நூறு கஜம் இருக்கிறது. கரையில் இருக்கிற மரங்களும் வீடுகளும் மணல் மேடுகளும் காற்றை மறைக்கும். அதனால் கரையோரத்தில் காற்று ஒரு நிமிஷம் அறையும், ஒரு நிமிஷம் காணாமல் போகும். பட்டக்காரனுக்கு அது இன்னும் மோசம். காற்று அற்றுப்போன கணத்தில் பட்டம் துணி மாதிரி விழும். மறுபடி அறைகிற காற்றுக்கு அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று அதற்கே தெரியாது. கரையிலிருந்து பார்க்கிறவனுக்கும் ஒன்றும் புரியாது. அலைகள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகின்றன. அவற்றின் உயரத்தை அவனால் அளக்க முடியாது. நான் கண்ணாடி என்று நினைத்தது அந்த முதுகைத்தான். இங்கிலாந்தில் சில கடற்கரைகளில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை ஒன்றைக் கம்பத்தில் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். அது பறந்தால் காற்றடைத்த மிதவைகளோடு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அர்த்தம். என் லாரி டியூபுக்கு அந்தக் கொடி பொருந்தும்.

ஸ்காட்லாந்தில் ஆர்கைல் கரையில் 2017 ஏப்ரல் கடைசியில் ஓர் இளைஞர் அலைச்சறுக்குப் பலகையோடு தனியே இறங்கினார். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அவரை வெளியே கொண்டுபோய்விட்டன. ராத்திரி முழுவதும் கடலில். மறுநாள் சாயங்காலம், கிட்டத்தட்ட முப்பத்திரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, கரையிலிருந்து பதின்மூன்று மைல் தள்ளி ஹெலிகாப்டரிலிருந்து அவரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குளிர்க் கடலில் அவர் எப்படிப் பிழைத்தார்? தடித்த ரப்பர் உடை போட்டிருந்தார், அது ஒன்று. பலகையை விடவில்லை, அது இன்னொன்று. தண்ணீரில் தனித் தலை ஒரு தேங்காய் நெற்று மாதிரி. மேலேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குப் படாது. பலகையும் மனுஷனும் சேர்ந்தால்தான் ஒரு உருவம். நான் டியூபை விட்டுவிட்டுக் குதித்தது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. வள்ளம் வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேறு யாராவதுதான் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டொரு வருஷத்துக்கு முன் ஆடியில் ராமேசுவரம் போயிருந்தேன். பாம்பன் தீவிலும் தனுஷ்கோடிப் பக்கத்திலும் இந்தப் பட்டச் சவாரி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கோயிலை முடித்துக்கொண்டு அங்கே போனேன். 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த இடிபாடுகளைத் தாண்டினால் மணல் ஒரு நாக்கு மாதிரி நீளும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் நின்றால் இரண்டு கடலும் தெரியும். அன்று தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தென்பக்கத்தில் கடல் நுரைத்துக்கொண்டிருந்தது. வடபக்கத்தில், ஐயோ, அதே கண்ணாடி! இருபது வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் புரட்டியது.

கற்றுக்கொடுக்கிற இளைஞர் ஒருவர், அந்தப் பக்கத்துப் பிள்ளைதான், பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்து, தலைமயிர் செம்பட்டையாகிவிட்டிருந்தது. "தம்பி, அந்தப் பக்கம் தண்ணீர் சும்மா படுத்துக் கிடக்கிறதே, இந்த நுரையில் எதற்காக இறங்குகிறீர்கள்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"எல்லாரும் அதத்தான் சார் கேப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு அந்தத் தண்ணியப் பாத்தாலே ஆசை. அங்க விழுந்தா காத்து நேரா நடுக்கடலுக்குக் கொண்டுபோயிரும். இங்க விழுந்தா கரைக்குக் கொண்டாந்துரும். அங்க போறதுன்னா பக்கத்துலயே மோட்டார் போட்டோட ஆள் நிக்கணும். இல்லன்னா நானே எறங்கமாட்டேன்."

காற்று நேரே கரையில் மோதினாலும் பட்டத்துக்கு ஆகாது, மணலில் அறைந்துவிடும், பக்கவாட்டிலிருந்து சற்றே கரையை நோக்கிச் சரிந்து வருகிற காற்றுதான் உத்தமம் என்றும் சொன்னார். இடுப்பு வாரில் ஒரு சிவப்புப் பிடியைக் காட்டினார். அதைத் தள்ளினால் பட்டத்தின் இழுவை அந்த நிமிஷமே அற்றுப்போகும். அதற்கும் மேலே ஆபத்து வந்தால் பட்டத்தையே கழற்றிவிட இன்னொரு பிடி. பருத்தித்துறை வாலிபருக்கு இல்லாமல் போனது இந்தப் பிடிதான். வாரில் ஒரு சின்னக் கத்தியும் செருகியிருந்தது, கயிறு சுற்றிக்கொண்டால் அறுக்க. முதல் மூன்று நாள் மாணாக்கர்களுக்கு வேறொன்றும் இல்லை, மணலில் நின்று அந்தப் பிடியைத் தள்ளிப் பழகுவதுதானாம். "போரடிக்குதுன்னு சண்டை போடுவாங்க சார்" என்றார். பிறகு குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் வடியவிட்டுப் பார்த்தார். அது எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டத்தைத் தூக்கினார். கையில் காற்றளக்கிற கருவி ஒன்றும் வைத்திருந்தார். ஆனாலும் மணல்.

அந்தத் தென்மேற்குக் காற்றில்தான், அதே மாதங்களில், வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கையின் கல்பிட்டியிலும் இந்த விளையாட்டு அமர்க்களப்படுகிறது. வெளிநாடுகளிலிருந்து ஜனங்கள் விமானம் ஏறி அதற்காக வருகிறார்கள். தூத்துக்குடியில் என் முதுகில் அடித்துக் கடலுக்குள் தள்ளுகிற காற்று, போகிற வழியில் பெரிய பருவக்காற்றோடு கலந்து, அங்கே கரையேறுகிறது. நமக்குப் போகிற காற்று அவர்களுக்கு வருகிற காற்று.

என் டியூபும் அப்படி ஏதாவது ஒரு மணல்திட்டில் ஏறி, கல்பிட்டிச் சிறுவர்கள் யாருக்காவது பயன்பட்டிருக்கலாம். அந்த வள்ளத்துப் பெரியவர் என்னிடம் ஒரு பைசா வாங்கிக்கொள்ளவில்லை. பஞ்சர் கடைக்காரர் மட்டும் டியூப் எங்கே என்று கேட்டார். கிழக்கே போய்விட்டது என்றேன். புது டியூபின் விலையில் பாதியை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.